டிகிரி இல்லாமல் சாஃப்ட்வேர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் கோடிங் வேலை பார்க்கிறேன், இன்டர்வியூவும் எடுக்கிறேன். அதனால் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள், படித்த பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர் என்று பலரும் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் போனில் அரைகுறையாகச் சொல்வதை விட, அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. தமிழ்நாட்டில் படிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

அக்கா, டிகிரி இல்லாம ஐடி வேலை கிடைக்குமா, கிடைக்காதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

கிடைக்கும். ஆனால் முதல் வேலை கிடைப்பதற்குள் நிறைய அலைய வேண்டியிருக்கும். மூன்று, நான்கு வருடம் ஒழுங்காக வேலை பார்த்துவிட்டால் பெரும்பாலான தனியார் கம்பெனிகளில் அனுபவத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். வெளிநாட்டு விசாவுக்கும் அரசு வேலைக்கும் கதை வேறு, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

டாக்டரும் வக்கீலும் பட்டம் வாங்கி கவுன்சிலில் பதிவு செய்யாமல் தொழில் செய்ய முடியாது. ப்ரோகிராமருக்கு அப்படி ஒரு கவுன்சிலே கிடையாது. டிகிரி இல்லாதவரை நிறுத்துவது கம்பெனிகள் தாங்களாக வைத்துக்கொண்ட விதிதான். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும்.

அப்போ எல்லா கம்பெனியும் ஏன் டிகிரி கேக்கறாங்க?

வடிகட்டுவதற்கு. ஒரு வேலைக்கு ஆயிரக்கணக்கில் ரெஸ்யூமே வரும்போது முதலில் அதைப் பார்ப்பது ப்ரோகிராமர் இல்லை, ஹெச்ஆர். உங்கள் கோடு நன்றாக இருக்கிறதா என்று அவரால் பார்த்துச் சொல்ல முடியாது. பத்தாவது, +2, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் இருக்கிறதா, அரியர் நிலுவையில் இருக்கிறதா என்று பார்க்க முடியும். பெரிய சர்வீஸ் கம்பெனிகள் கேம்பஸுக்கு வருவதும் இதே காரணத்தால்தான். ஒரே நாளில் நூறு பேரை ஒரே அளவுகோலில் பார்த்து எடுத்துவிடலாம்.

அதனால் டிகிரி இல்லாதவர் ஹெச்ஆர் வழியாகப் போகாமல், வேலை தெரிந்த ஒருவர் நேரடியாகப் பார்க்கும் வழியைத் தேட வேண்டும். பத்து, இருபது பேர் இருக்கும் சின்ன கம்பெனி, ஸ்டார்ட்அப், ஏற்கெனவே உள்ளே இருப்பவர் தரும் ரெஃபரல் எல்லாம் அப்படிப்பட்ட வழிகள். கூகுள் போன்ற கம்பெனிகளின் பல வேலை விளம்பரங்களில் ‘இளநிலைப் பட்டம் அல்லது அதற்கு இணையான வேலை அனுபவம்’ என்று போட்டிருக்கும். அந்த ‘அல்லது’ நிஜமானதுதான். ஆனால் இணையான அனுபவம் வேண்டுமென்றால் முதல் வேலை வேறெங்காவது கிடைத்திருக்க வேண்டும்.

பில் கேட்ஸ், மார்க் சக்கர்பெர்க் எல்லாம் காலேஜ பாதியில விட்டவங்கதானே?

ஆமாம். இருவரும் விட்டது ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தை. அங்கே சேரும் அளவுக்குப் படித்தவர்கள். கேட்ஸுக்கு 1968 இல், 13 வயதில், பள்ளியிலேயே கணினியைப் பயன்படுத்தும் வாய்ப்பு இருந்தது. அப்போது உலகத்தில் பல பல்கலைக்கழகங்களுக்கே அது இல்லை. அவர் அப்பா வக்கீல், சக்கர்பெர்க்கின் அப்பா பல் டாக்டர். தோற்றால் திரும்பிப் போக வீடும் இருந்தது, கல்லூரியும் இருந்தது. வீட்டில் அடுத்த மாசச் சம்பளத்தை எதிர்பார்க்கும் பிள்ளைக்கு அந்தக் கதையை உதாரணமாகச் சொல்வது சரியில்லை.

அதே துறையில் மறுபக்கமும் உண்டு. ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் பேரும் பணமும் வந்த பிறகு கல்லூரிக்குத் திரும்பி, 1986 இல் பெர்க்லியில் பட்டம் வாங்கினார். லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் அதைத் தொடங்கியபோது ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். உலகம் முழுக்க லினக்ஸ் ஓட ஆரம்பித்த பிறகும் படிப்பை விடாமல் 1996 இல் முதுநிலைப் பட்டம் வாங்கினார். இவர்களைப் பற்றி யாரும் மோட்டிவேஷன் வீடியோ போடுவதில்லை.

காலேஜ்ல சொல்லித் தர்றதுல உருப்படியா என்ன இருக்கு? நாலு வருஷமும் வேஸ்ட்னு சீனியர்ஸ் சொல்றாங்க.

பாடம் வேஸ்ட் இல்லை. பல கல்லூரிகளில் அதை நடத்தும் விதம்தான் வேஸ்ட். ரெக்கார்டு நோட்டில் ப்ரோகிராமைக் கையால் எழுதுவது, கொஸ்டின் பேங்கை மனப்பாடம் செய்வது, லேபில் ஒருவர் அடித்ததை இன்னொருவர் பார்த்து அடிப்பது என்று செமஸ்டர் ஓடிவிடும். ஆனால் பாடத்திட்டத்தில் இருக்கும் டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க் நான்கும் வேலையில் தினமும் வந்து நிற்கும். ஒரு உதாரணம். 1 லட்சம் வாடிக்கையாளர்களின் போன் நம்பரில் இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 500 கோடி ஒப்பீடுகள். ஒவ்வொரு நம்பரும் போக வேண்டிய இடத்தைக் கணக்கிட்டு வைக்கும் ஹாஷ் முறையில் பட்டியலை ஒரே ஒரு தடவை ஓட்டினால் போதும். முதல் வழியில் எழுதினாலும் பத்து பேர் டேட்டாவில் ப்ரோகிராம் நன்றாகத்தான் ஓடும். நிஜ டேட்டா வந்த அன்றுதான் தொங்கும்.

பணக் கணக்கு எழுதும்போதும் இப்படித்தான். பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். கணினி பின்னங்களை இரும எண்களில் வைத்துக்கொள்வதால் வரும் வித்தியாசம் இது. தெரிந்தவர் பில்லிங் மென்பொருளில் தொகையைப் பைசாவாக, முழு எண்ணாக வைப்பார். பொங்கல் சமயத்தில் சென்னையிலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில் கடைசி சீட்டை ஒரே நொடியில் இரண்டு பேர் அமுக்கினால் யாருக்குக் கிடைக்க வேண்டும்? அது டேட்டாபேஸ் பாடத்தில் ட்ரான்ஸாக்ஷன் என்ற தலைப்பில் வரும். தேர்வுக்காக மட்டும் படித்தவருக்கு இன்டர்வியூவில் அது நினைவுக்கு வருவதில்லை.

நான் பார்த்தவரை, டிகிரி வாங்கியவர்களில் பலர் இதைக் கற்கவே இல்லை. டிகிரி இல்லாதவர்களில் பலர் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டு வந்து நிற்கிறார்கள். இன்டர்வியூவில் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதையெல்லாம் வீட்டுலயே படிக்க முடியாதா? எனக்கு இங்கிலீஷ் வேற அவ்வளவா வராது.

படிக்க முடியும். ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் தளத்தில் மேலே சொன்ன நான்கு பாடங்களும் முழு வீடியோ வகுப்புகளாக இலவசமாக இருக்கின்றன. ஹார்வர்டின் கணினி அறிவியல் அறிமுகப் பாடமான சிஎஸ்50 உம் இலவசம், அதில் கொடுக்கும் வீட்டுப்பாடங்கள் அருமையானவை. தமிழில் தொடங்க விரும்பினால் கணியம் தளத்தில் லினக்ஸ், மைஎஸ்க்யூஎல், பைத்தான் பற்றியெல்லாம் எளிய தமிழில் மின்னூல்கள் இருக்கின்றன, அவையும் இலவசம்தான்.

ஆங்கிலத்தில் பேச வராவிட்டால் கோடு எழுதக் கற்பதற்கு அது தடை இல்லை. எரர் மெசேஜைப் படித்துப் புரிந்துகொள்ளவும், கேள்வியைத் தெளிவாக எழுதவும் வந்தால் ஆரம்பத்துக்குப் போதும். பேச்சு, வேலையில் சேர்ந்து ஒரு வருடத்தில் பெரும்பாலும் பழகிவிடும். தனியாகப் படிப்பதில் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. கல்லூரியில் தேதி குறித்துத் தேர்வு வைப்பார்கள், கூடப் படிப்பவர்கள் இருப்பார்கள். வீட்டில் இரண்டும் இல்லை. ஒரே ஒரு நண்பராவது கூடப் படித்தால் நடுவில் விட்டுப்போவது குறையும்.

பையன் +2 முடிச்சிருக்கான்மா. தனியார் காலேஜ்ல மேனேஜ்மென்ட் கோட்டால சிஎஸ்ஈ சீட்டுக்கு ரொம்ப கேக்கறாங்க. நிலத்த அடமானம் வெச்சாவது சேர்த்துடலாமா?

வேண்டாம் ஐயா. இந்தப் பக்கத்தில் நான் எழுதும் எல்லாவற்றிலும் இதைத்தான் அழுத்திச் சொல்வேன். கடன் சுமையோடு படித்து முடிக்கும் பிள்ளை, கிடைத்த முதல் வேலையை, எந்தச் சம்பளமாக இருந்தாலும், இத்தனை வருடம் விலகக் கூடாது என்ற எந்த பாண்டாக இருந்தாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். கற்றுக்கொள்ளவோ, நல்ல வேலைக்காக ஆறு மாதம் காத்திருக்கவோ முடியாது. டிகிரி முதல் கதவைத் திறக்கும்தான், ஆனால் அந்தக் கதவுக்கு சிஎஸ்ஈ என்ற பெயர்தான் வேண்டும் என்று இல்லை.

அரசு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது பி.சி.ஏ. சேர்க்கலாம். அங்கே ஒரு வருடக் கட்டணம் சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். டிசிஎஸ், விப்ரோ போன்ற கம்பெனிகள் பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களையும் எடுக்கின்றன. விப்ரோவில் வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்க வைக்கும் திட்டமும் உண்டு. ஆரம்பச் சம்பளம் பி.ஈ.யை விடக் குறைவாக இருக்கலாம், ஆனால் கடன் இல்லாமல் தொடங்குகிறார். பையன் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர் என்றால், கவுன்சலிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் இருக்கிறது, அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கும் சலுகை உண்டு. இதையெல்லாம் விசாரிக்காமல் கோட்டா சீட்டுக்குப் போகாதீர்கள்.

என் பொண்ணு இப்பதான் +2 முடிச்சா. ஜோஹோ, ஹெச்சிஎல் எல்லாம் படிக்காமலே வேலைக்கு எடுக்கறாங்களாமே?

படிக்காமலே இல்லை, அங்கேயே படிக்க வைக்கிறார்கள். ஜோஹோ 2005 வாக்கில் இதற்காகவே சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கியது. +2 அல்லது டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்வும் நேர்காணலும் வைத்து எடுத்து, இரண்டு வருடம் ப்ரோகிராமிங், கணிதம், ஆங்கிலம் சொல்லித் தருகிறார்கள். கட்டணம் இல்லை, மாத உதவித்தொகை உண்டு. சென்னையிலும் தென்காசியிலும் நடக்கிறது. விண்ணப்பிப்பவர்கள் ஏராளம், இடம் குறைவு. எழுதிப் பார்க்கட்டும், ஆனால் அதை மட்டும் நம்பிக் கல்லூரி விண்ணப்பத்தை விட்டுவிடாதீர்கள்.

ஹெச்சிஎல்லின் டெக்பீ திட்டத்துக்கு +2 வில் கணிதமோ வணிகக் கணிதமோ படித்திருக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் வேலை, வேலையோடு பட்டப்படிப்பு. பயிற்சிக் கட்டணம் எவ்வளவு, எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும், நடுவில் விலகினால் என்ன ஆகும் என்ற மூன்றையும் எழுத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு இடத்திலும் எனக்கு ஒரே ஒரு கவலைதான். அந்தக் கம்பெனிக்குள் உங்கள் பெண்ணுடைய பயிற்சிக்கு மதிப்பு இருக்கும், வேறு கம்பெனிக்கு மாறும்போது மறுபடி ‘டிகிரி எங்கே’ என்று கேட்பார்கள். அதனால் வேலையில் இருக்கும்போதே ஒரு பட்டத்தை முடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எப்படி என்பது கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

நான் மெக்கானிக்கல் முடிச்சேன், என் தங்கச்சி பி.காம். நாங்க கோடிங் பக்கம் வர முடியுமா?

தாராளமாக. சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி படித்தது இயற்பியலும் கணிதமும். அப்பல்லோ விண்கலத்தின் மென்பொருள் குழுவை நடத்திய மார்கரெட் ஹாமில்டன் கணிதப் பட்டதாரி. அமெரிக்காவில் முதல் கணினி அறிவியல் துறை பர்டூ பல்கலைக்கழகத்தில் தொடங்கியதே 1962 இல்தான். தங்கையின் பி.காம். அவருக்கு உதவும் என்றே சொல்வேன். ஜிஎஸ்டி, கணக்கியல் புரிந்த ப்ரோகிராமர் கிடைப்பது கஷ்டம். அக்கவுன்டிங் மென்பொருள் செய்யும் கம்பெனிகளில் முயற்சி செய்யட்டும்.

மூணு அரியர் இருக்கு. டிகிரி தேவையில்லைன்னு நீங்களே சொல்றீங்க, விட்டுடலாமா?

அப்படிச் சொல்லவில்லை தம்பி. பணமும் கட்டி, நாலு வருடமும் போட்டாயிற்று, மிச்சம் மூன்று பேப்பர். அதை எழுதி முடி. பாதியில் நின்ற டிகிரி ரெஸ்யூமேயில் டிகிரி இல்லாததை விட மோசமாகத் தெரியும், ஏன் நின்றது என்ற கேள்விக்கு ஒவ்வொரு இன்டர்வியூவிலும் பதில் சொல்ல வேண்டும்.

இன்ஸ்டிட்யூட்ல 100% ப்ளேஸ்மென்ட்னு சொல்றாங்க. ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸும் அவங்களே போட்டுத் தருவாங்களாம். சேரலாமா?

எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தருகிறேன் என்று சொன்ன இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அது மோசடி, மாட்டினால் மாட்டுவது நீங்கள்தான். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் இன்று பிஎஃப் கணக்கைப் பார்க்கிறார்கள். உங்கள் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணில் எந்தக் கம்பெனி எந்த மாதத்திலிருந்து பணம் கட்டியது என்று தெரிந்துவிடும். சேர்ந்து ஆறு மாதம் கழித்துக்கூட வேலையை விட்டு அனுப்புவார்கள், அந்தக் கம்பெனியில் மறுபடி கால் வைக்க முடியாது.

நல்ல பயிற்சி மையங்களும் இருக்கின்றன. சேருவதற்கு முன் அங்கே படித்து வேலைக்குப் போன இரண்டு பேரிடம் நீங்களே பேசுங்கள். அவர்கள் போர்டில் ஒட்டியிருக்கும் போட்டோ போதாது. ஒரிஜினல் சர்டிபிகேட்டை எந்த மையத்திடமும், எந்த கம்பெனியிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

ஆன்லைன்ல பத்து சர்டிபிகேட் வாங்கிட்டேன். ஒரு இன்டர்வியூகூட வரல, ஏன்?

வீடியோ பார்த்து முடித்ததற்கு வரும் சர்டிபிகேட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. டிகிரி இல்லாதவரிடம் நான் கேட்பது, நிஜ மனிதர் ஒருவர் பயன்படுத்தும் ஒரு ப்ரோகிராம். தெரு முனை மருந்துக் கடைக்கு காலாவதி தேதி பார்க்கும் சின்ன மென்பொருள் செய்து, கடைக்காரர் மூன்று மாதம் அதைப் பயன்படுத்தி, அவர் சொன்ன குறைகளை நீங்கள் திருத்தியிருந்தால், அதைப் பற்றி மட்டுமே ஒரு மணி நேரம் பேசலாம். கோடைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் எல்லோரிடமும் இருக்கும் டூ-டூ லிஸ்ட் ப்ரோகிராமில் அந்தப் பேச்சு வராது.

இன்னொரு வழி, கோடை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள்களில் பங்களிப்பது. இதற்காக கூகுள் நடத்தும் சம்மர் ஆஃப் கோட் திட்டம் முன்பு மாணவர்களுக்கு மட்டும் இருந்தது. 2022 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட புதியவர்கள் யாரும் விண்ணப்பிக்கலாம், பட்டம் கேட்பதில்லை, உதவித்தொகையும் உண்டு. நிராகரிக்கப்பட்டாலும் அதற்காக அனுப்பிய திருத்தங்கள் உங்கள் பெயரில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும்.

டிகிரி இல்லாம வெளிநாடு போக முடியுமா?

இங்கேதான் டிகிரி இல்லாதது உண்மையாகவே வலிக்கும். அமெரிக்காவின் ஹெச்-1பி வேலை விசாவுக்கு இளநிலைப் பட்டமோ அதற்கு இணையானதோ வேண்டும். ஒரு வருடக் கல்லூரிப் படிப்புக்குப் பதிலாக மூன்று வருட வேலை அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்கள். நான்கு வருடப் பட்டமே இல்லையென்றால் 12 வருட அனுபவத்தைக் காட்ட வேண்டும். மூன்று வருட பி.எஸ்சி., பி.காம். முடித்தவர்களுக்கும் இதே கணக்கில் ஒரு வருடம் குறைவதால் மூன்று வருட அனுபவம் தேவைப்படலாம்.

ஜெர்மனி இதில் தாராளம். 2023 நவம்பர் முதல், கடந்த ஏழு வருடத்தில் மூன்று வருடமாவது பட்டதாரிக்கு இணையான ஐடி வேலை பார்த்திருந்தால் பட்டம் இல்லாமலேயே ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், சம்பளம் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்கு 2023 செப்டம்பரிலிருந்து புள்ளி முறை. படிப்புக்கு என்று தனிப் புள்ளி உண்டு. பட்டம் இல்லாவிட்டால் அதை மற்ற தலைப்புகளில் ஈடுகட்ட வேண்டும்.

அரசு வேலை?

பட்டம் இல்லாமல் ப்ரோகிராமர் பதவிக்குப் போக வழி அநேகமாக இல்லை. வங்கிகளின் ஐடி அதிகாரித் தேர்வுக்குப் பொறியியல் பட்டமோ, முதுநிலைப் பட்டமோ கேட்பார்கள். அதில் ஒரு விலக்கு பலருக்குத் தெரியாது. ஏதாவது ஒரு பட்டத்தோடு மத்திய அரசின் நைலிட் நிறுவனம் நடத்தும் ‘பி’ லெவல் கணினிப் படிப்பில் தேர்ச்சி இருந்தாலும் விண்ணப்பிக்கலாம்.

ஏஐயே கோடு எழுதுது. இனிமே டிகிரி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

ஆரம்ப நிலை வேலைகள் குறைந்திருக்கின்றன, அதை மறைக்க விரும்பவில்லை. முன்பு புதிதாகச் சேர்ந்தவருக்குக் கொடுத்த சின்னச் சின்ன வேலைகளை இப்போது சீனியர் ஒருவர் ஏஐயை வைத்து முடித்துவிடுகிறார். இதில் அடிவாங்குவது சிஎஸ்ஈ படித்தவரும் சேர்த்துத்தான்.

ஆனால் மேலே சொன்ன 500 கோடி ஒப்பீட்டுக் கோடை ஏஐயும் சில நேரம் எழுதித் தரும், நம்பிக்கையாகவே தரும். அது தப்பு என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தவர்தான் வேண்டும். அதனால் இன்டர்வியூவில் இப்போது நான் ‘எழுதுங்கள்’ என்பதை விட ‘இந்தக் கோடில் என்ன தப்பு’ என்றுதான் அதிகம் கேட்கிறேன். வெறும் சிண்டாக்ஸை, அதாவது மொழியின் எழுத்து விதிகளை மட்டும் மூன்று மாதம் கற்றுவிட்டு வருபவருக்கு வழி குறுகிக்கொண்டே போகிறது.

எனக்கு 31 வயசு, எட்டு வருஷமா கோடிங் வேலை. டிகிரி இல்ல. இனிமே படிக்கணுமா?

இந்தியாவிலேயே, ஸ்டார்ட்அப்களிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் அவசியமில்லை. வெளிநாடு போகும் எண்ணமோ, பெரிய கம்பெனியில் மேனேஜர் ஆகும் எண்ணமோ இருந்தால் இப்போதே தொடங்குங்கள், 35 இல் தொடங்குவதற்கு இது எவ்வளவோ மேல். வேலையை விட வேண்டியதில்லை. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் பி.சி.ஏ., தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் படிப்புகள் எல்லாம் குறைந்த செலவில் முடியும். நன்றாகவே கற்க வேண்டும் என்றால் சென்னை ஐஐடி 2020 இல் தொடங்கிய ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பு இருக்கிறது. ஜேஇஇ வேண்டாம், வயது வரம்பு இல்லை, அவர்களே நடத்தும் தகுதித் தேர்வில் தேறினால் போதும். நடுவில் நிறுத்தினாலும் அதுவரை முடித்ததற்கு சர்டிபிகேட் அல்லது டிப்ளமோ கிடைக்கும். பாடம் கடினம், வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரமாவது ஒதுக்க வேண்டியிருக்கும்.

அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் வழக்கமான பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 செப்டம்பரில் அறிவித்திருக்கிறது. பி.ஈ., பி.டெக். மட்டும் இதில் சேராது. தொலைநிலையில் பொறியியல் படிப்பதை 2017 இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, அப்படித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மற்ற பட்டங்களுக்கும், அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் குறிப்பிட்ட படிப்பின் பெயரும் அந்த வருடத்துக்கான யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இக்னோவில் ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு முறை சேர்க்கை நடக்கிறது.